பயிற்சியும் தருகிறோம் வீடும் வாங்கித் தருகிறோம் என்றார்கள், போனது 47,500 ரூபாய்

எனக்குத் தையல் பயிற்சி தந்த அந்த அலுவலகத்துக்கு இன்று மதியம் போனேன். ஷட்டரை இறக்கிப் பூட்டியிருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், "இன்னிக்கு நீங்க அஞ்சாவது ஆளும்மா" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். போனது 47,500 ரூபாய். இன்னொருத்தர் ஏமாறக் கூடாது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் பத்து விஷயம் எழுதுகிறேன், அதுவரை படியுங்கள்.

பெயரைப் போட மாட்டேன். நான் சமைக்கும் வீட்டம்மா வக்கீல், "பேரை எழுதி வம்பை விலைக்கு வாங்காதே" என்று சொல்லிவிட்டார். ஏழைக் குடும்பங்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் அறக்கட்டளை என்று போர்டு மாட்டியிருந்த இடம். அவ்வளவுதான் சொல்வேன்.

எங்களுக்குப் பல்லாவரத்தில் ஒற்றை அறை, வாடகை 6,500. என் கணவர் பெயின்டர். நான் காலையில் இரண்டு வீட்டில் சமைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் வீட்டில் ஃபால்ஸ் வைப்பேன், பிளவுஸ் தைப்பேன். குடிசை மாற்று வாரியம் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) தரும் வீட்டுக்கு எழுதிப் போடலாம் என்று ரொம்ப நாளாக ஆசை, ஆனால் பயமும் உண்டு. என் நாத்தனார் குடும்பத்தை 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வீடு கிடைத்தது, சைதாப்பேட்டையில் அவள் பார்த்த மூன்று வீட்டு வேலையும் போனது. இரண்டு பஸ் மாறி ஆறு மணிக்குள் யார் வந்து பாத்திரம் தேய்ப்பார்கள்? அதனால் வீடு என்றாலே, கூடவே வேலைக்கு என்ன வழி என்ற கேள்வி எனக்கு வந்துவிடும்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் பதில் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் பவர் மெஷினில் தையல் பயிற்சி, முடிந்ததும் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை, அதற்குப் போய்வர வசதியான இடத்தில் வாரிய வீடு. பதிவுக் கட்டணம் மட்டும் 2,500. ஜிபேயில் போட்டேன்.

பயிற்சி நிஜமாகவே நடந்தது. இதைத்தான் யாரும் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள், "எப்படிம்மா ஏமாந்த?" என்று கேட்கிறார்கள். எட்டு மெஷின் இருந்தது, அதில் ஆறு ஓடியது. ஓவர்லாக் சொல்லிக்கொடுத்த டீச்சர் அருமையாகச் சொல்லிக்கொடுத்தார் (அவருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை). பதினோரு நாள் போனேன். கண்ணெதிரே ஊசி ஓடுகிற இடத்தில் பொய் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பன்னிரண்டாம் நாள் அந்த அலுவலகத்து மேடம் உள்ளே கூப்பிட்டார். காபி வந்தது. நான் தைத்த காலரை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அக்கா, உங்க கை சுத்தமான கை" என்றார். அப்புறம்தான் வீட்டுப் பேச்சு. வாரியம் கட்டும் வீட்டுக்குப் பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டும், முன்பணம் 45,000 போட்டால் இந்த லிஸ்டிலேயே பெயர் ஏறிவிடும் என்றார். பங்குத் தொகை என்பது பொய்யில்லை, வாரிய வீடு வாங்கிய பலர் கட்டியிருக்கிறார்கள். நிஜத்தை நாலு பங்கு போட்டு அதில் ஒரு சிட்டிகை பொய்யைக் கலந்திருக்கிறார்கள்.

நான் தயங்கினேன். உடனே அவர் சொன்னார்: "இப்ப தராதீங்க அக்கா. அண்ணன்கிட்ட கேளுங்க. அவர் வேணாம்னா விட்டுடுங்க, பயிற்சிய மட்டும் முடிச்சிட்டுப் போங்க."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். பணம் வேண்டாம் என்று சொல்கிறவள் திருடியாக இருப்பாளா? அவர் அவசரப்படுத்தியிருந்தால் எழுந்து வந்திருப்பேன், சத்தியமாக. வீட்டுக்காரர் "வேணாம், வாரிய ஆபீஸ்ல போய் ஒரு தடவ விசாரிப்போம்" என்றார். நான்தான் சண்டை போட்டேன். கம்மலையும் மோதிரத்தையும் அடகு வைத்தது 28,000. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது 17,000. ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது தந்தார்கள், இங்கிலீஷில் இருந்தது, மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

பணம் கைமாறிய மறு வாரமே மெஷின் ரிப்பேர் என்று வகுப்பை நிறுத்தினார்கள். பிறகு நான் கேட்ட பதில்களை வரிசையாக எழுதினால் ஒரு நோட்டு நிரம்பும். ஆதார் லிங்க் ஆகவில்லை. ஆபீசர் மாற்றலாகிவிட்டார். உங்கள் பெயர் இரண்டாவது லிஸ்டில் இருக்கிறது. மேடம் மீட்டிங்கில் இருக்கிறார். ஒரு நாள் இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, "மேடம் பின்பக்கமா போய்ட்டாங்களே" என்று ஒரு பையன் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். போன வாரம் வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள்.

நேற்று ராத்திரி ஒன்பதாவது படிக்கும் என் மகள் அந்த ரசீதை எடுத்துப் படித்தாள். "அம்மா, இதுல வீடுன்னே இல்ல. டொனேஷன்னு போட்டிருக்கு" என்றாள். 45,000 ரூபாயை நான் நன்கொடையாகக் கொடுத்திருக்கிறேனாம்! வாடகை வீட்டில் இருந்துகொண்டு கம்மலை அடகு வைத்து நன்கொடை!

ஸ்டேஷனுக்குப் போனால், ரசீதைப் பார்த்துவிட்டு "நீங்களே நன்கொடைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள். வக்கீலம்மா போனில் பேசிய பிறகுதான் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கும் போன் அடித்தேன். அது ஆன்லைனில் போன பணத்துக்குத்தான், அதுவும் உடனே சொல்ல வேண்டும். என்னுடையதில் ஆன்லைனில் போனது 2,500, அதுவும் மாதக்கணக்காகிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, பத்து விஷயம் என்றேன். இப்போது மனசில் நிற்பதை மட்டும் சொல்கிறேன். வாரிய வீட்டுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால் வாரியத்தின் பெயருக்குத்தான் கட்ட வேண்டும், எந்த மேடம் கையிலும் கொடுக்காதீர்கள். சேப்பாக்கம் காமராஜர் சாலையில் வாரியத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் நேரில் போய்க் கேளுங்கள், நான் அதைத்தான் செய்யவில்லை. அரசுத் திறன் பயிற்சி இலவசம். கிராமத்தில் இருப்பவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயதொழில் பயிற்சி மையத்திலேயே தையலைக் காசில்லாமல் சொல்லித் தருகிறார்கள். காசு கேட்டாலே சந்தேகப்படுங்கள். ரசீதைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தாவது அங்கேயே படிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள். மீதி இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது முடியவில்லை.

என்னுடன் படித்தவர்களில் ஏழு பேரின் நம்பர் கிடைத்தது. ஒருத்தி 60,000 கொடுத்திருக்கிறாள், அவள் வீட்டில் இன்னும் தெரியாது. புதன்கிழமை எல்லோரும் சேர்ந்து கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம். அங்கே பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், கோபத்தில் ரசீதைக் கிழித்துவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள்.