மோனோ ப்ளூ டெரர்: 70 வெள்ளிக்குள் போட்டிக்குப் போகும் ஒரு டெக்

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆட ஆசைப்பட்டு, கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் 70 வெள்ளிக்குள் 60 கார்டு டெக்கும், ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள 15 கார்டு சைட்போர்டும் வாங்கிவிடலாம். அதோடு போட்டியில் உட்கார்ந்து, ஜெயிக்கவும் செய்யலாம். நான் ஆடும் டெக்குக்குப் பெயர் மோனோ ப்ளூ டெரர். பாப்பர் என்ற ஆட்ட வகைக்கானது. ஒரு வருடத்துக்கு மேலாக ஆடுகிறேன், இன்னும் சலிக்கவில்லை. கார்டு விளையாட்டுக்கு நான் செலவழித்த பணத்தில் இதுதான் மிக உருப்படியான செலவு.

பாப்பரின் விதி ரொம்ப எளிது. ஒரு கார்டு எப்போதாவது ஒரு தொகுப்பில் ‘காமன்’ (எளிதில் கிடைக்கும்) தரத்தில் வெளிவந்து, தடை செய்யப்படாமலும் இருந்தால் அதை ஆடலாம், இல்லையென்றால் கூடாது. இணையத்தில் ஆடும் மேஜிக் ஆன்லைனுக்கும் காகிதத்தில் ஆடுகிறவர்களுக்கும் ஒரே பட்டியல் என்று விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் முடிவு செய்தது 2019-இல். அதற்குப் பிறகுதான் கடைகளில் இதை முறையான போட்டியாக நடத்துவது சுலபமானது.

காமன் என்றதும் வலுவில்லாத கார்டுகள் என்று நினைத்துவிட வேண்டாம். கவுண்டர்ஸ்பெல், லைட்னிங் போல்ட், பிரெய்ன்ஸ்டார்ம் எல்லாமே இங்கே செல்லும். முதல் இரண்டும் 1993-இல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே இருப்பவை. விலைக்கும் வலுவுக்கும் நேரான உறவு கிடையாது என்பதற்கு என் டெக்கின் நாயகனே சாட்சி. டோலேரியன் டெரர் 2022-இல் வந்த டொமினேரியா யுனைடெட் தொகுப்பின் காமன் கார்டு. அதே தொகுப்பில்தான் ஷியோல்ட்ரெட் தி அபோகலிப்ஸும் வந்தது. அந்த ஒரு ஷியோல்ட்ரெட்டின் விலைக்கு என் முழு டெக்கையும் வாங்கலாம் என்ற நிலை நெடுநாள் இருந்தது. டெரரை நான் 50 காசுக்கும் குறைவாக எடுத்தேன்.

முக்கியமான ஒன்று. உள்ளே என்ன கார்டு இருக்கும் என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட் வாங்காதீர்கள். உடைத்துப் பார்க்கும் சந்தோஷத்துக்காக வாங்குவது வேறு விஷயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டெக் கட்டுவதற்கு அது வழியே இல்லை. இப்போது வரும் பிளே பூஸ்டரில் 14 கார்டு, நமக்கு வேண்டியதோ ஒரே கார்டில் 4 பிரதி. அது வேறு தொகுப்பில் இருந்தால் எத்தனை பாக்கெட் உடைத்தும் பயனில்லை. தனிக் கார்டாகவே வாங்குங்கள். அநேகமாக எல்லாக் கார்டுக் கடைகளிலும் மேசைக்கடியில் நீளமான வெள்ளை அட்டைப் பெட்டிகள் இருக்கும். நிறவாரியாகப் பிரித்திருப்பார்கள். குனிந்து தேடப் பொறுமையிருந்தால் 20 காசுக்கும் 50 காசுக்கும் பாதி டெக் அங்கேயே கிடைத்துவிடும். எனக்குச் சற்று விலை வந்தது பாண்டர், மெண்டல் நோட், லோரியன் ரிவீல்ட், சைட்போர்டில் ஹைட்ரோபிளாஸ்ட். அவையும் ஒன்றிரண்டு வெள்ளிதான். ஓரம் தேய்ந்த பழைய பிரதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் அதிலும் குறையும். உறைக்குள் போட்டபின் ஓரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? வளைந்த கார்டு மட்டும் வேண்டாம். கட்டை அடுக்கியதும் அது தனியாகத் தெரியும், போட்டியில் குறியிட்ட கார்டு என்று நடுவர் கேள்வி கேட்பார்.

என் பட்டியல் இது. டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ், டோலேரியன் டெரர், கிரிப்டிக் சர்ப்பென்ட் என்று உயிரினங்கள் மூன்று வகை. பிரெய்ன்ஸ்டார்ம், பாண்டர், பிரீஆர்டெய்ன், தாட் ஸ்கவர், மெண்டல் நோட், கவுண்டர்ஸ்பெல், லோரியன் ரிவீல்ட் என்று மந்திரங்கள் ஏழு வகை. இவை பத்திலும் நான்கு நான்கு. ஸ்பெல் பியர்ஸும் டிஸ்பெல்லும் இரண்டிரண்டு. மீதி 16 ஐலண்ட், அதாவது கார்டுகளை இறக்கத் தேவையான சக்தியை (மானா) தரும் லேண்ட் கார்டு. ஐலண்டுக்குக் காசு கொடுத்ததாக நினைவில்லை. கடையில் கேட்டாலே ஒரு கைப்பிடி தருவார்கள்.

எப்படி ஆடுகிறது என்பதை ஓர் ஆட்டத்தின் முதல் மூன்று முறைகளை வைத்தே சொல்லிவிடலாம். டெரருக்கு அச்சிட்ட விலை 7 மானா. ஆனால் நம் கிரேவ்யார்டில் (ஆடி முடித்த கார்டுகளின் குவியலில்) கிடக்கும் ஒவ்வொரு மந்திரக் கார்டுக்கும் அதில் 1 குறையும். முதல் முறை ஓர் ஐலண்ட், ஒரு பாண்டர். பாண்டர் கிரேவ்யார்டுக்குப் போனது, கணக்கு 1. இரண்டாம் முறை தாட் ஸ்கவர்: டெக்கின் மேலிருந்து இரண்டு கார்டு கிரேவ்யார்டில் விழும், பிறகு ஒன்றைக் கையில் எடுக்கலாம். விழுந்த இரண்டும் மந்திரம், தாட் ஸ்கவரும் சேர்ந்தது, கணக்கு 4. இரண்டாவது ஐலண்டின் மானாவுக்கு மெண்டல் நோட்: அதுவும் இரண்டு தள்ளி ஒன்று எடுக்கும். விழுந்ததில் ஒன்று மந்திரம், ஒன்று ஐலண்ட். கணக்கு 6. மூன்றாம் முறை டெரர் ஒரே ஒரு நீல மானாவுக்கு வந்து நிற்கிறது, 5/5 உடம்போடு (அடிக்கும் வலு 5, தாங்கும் வலு 5). மிச்சமிருக்கும் இரண்டு ஐலண்டும், எதிராளி போடுவதைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லுக்கு. எதிராளி அதைக் கொல்ல ஏதாவது போட்டால், வார்டு 2 என்பதால் கூடுதலாக இரண்டு மானா கட்ட வேண்டும். கட்டினாலும் நம் கையில் பதில் இருக்கிறது. இப்படி அமையும் நாட்களில் எதிரே இருப்பவரின் டெக் எத்தனை வெள்ளியாக இருந்தாலும் கவலையில்லை.

எப்போதும் இப்படி அமையாது. ஐலண்டாகவே விழுந்து டெரர் ஐந்தாம் முறைவரை கையில் தங்கும் ஆட்டங்களும் உண்டு. ஆனால் இந்த டெக்கில் ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் பலன் இருக்கிறது. டெல்வரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் முறையின் தொடக்கத்தில் டெக்கின் மேல் கார்டைப் பார்த்து, அது மந்திரமாக இருந்தால் காட்டித் திருப்பலாம். 1/1 சிறுசு 3/2 பறக்கும் பூச்சியாகிவிடும். 60-இல் 32 மந்திரம் இருப்பதால் சும்மா விட்டாலே பாதிக்கு மேல் வாய்ப்பு. பாண்டராலோ பிரெய்ன்ஸ்டார்மாலோ மேலே மந்திரத்தை வைத்துவிட்டால் வாய்ப்பு என்ற பேச்சே இல்லை. பிரெய்ன்ஸ்டார்ம் போட்டு, வேண்டாத இரண்டு கார்டை மேலே வைத்து, லோரியன் ரிவீல்டை ஒரு மானாவுக்கு வீசி ஐலண்ட் தேடும்போது டெக் கலைக்கப்படும், அந்த இரண்டும் தொலையும். வீசிய லோரியனும் கிரேவ்யார்டில் ஒரு மந்திரமாகக் கணக்கில் சேரும். எல்லாமே ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிக் கார்டுகள். இந்த அளவு ஆழம் அவற்றுக்குள் இருப்பதுதான் எனக்கு இந்த டெக்கை இவ்வளவு பிடித்துப்போகக் காரணம்.

உறையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டெல்வருக்கு இரண்டு பக்கமும் படம் அச்சிட்டிருக்கும். பின்பக்கம் தெரியாத உறை இல்லாமல் ஆடுவது சிரமம். நான் டிராகன் ஷீல்டின் மேட் ரகம் போட்டிருக்கிறேன், பெட்டிக்கு 100. டெக்கின் கணக்கில் இது சேரவில்லை, தனியாகப் பத்துப் பதினைந்து வெள்ளி எடுத்து வையுங்கள். 75 கார்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து போடுங்கள். பாதி பழசு பாதி புதுசு என்றால் நிறம் வேறுபடும்.

குறைகளைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. முழு டெக்கும் கிரேவ்யார்டை நம்பியிருக்கிறது. எதிராளி அதைக் காலியாக்கும் ரெலிக் ஆஃப் புரொஜெனிடஸையோ போஜூக்கா பாக்கையோ இறக்கிவிட்டால் டெரர் மறுபடி 7 மானாக் கார்டாகிவிடும். வார்டு என்பது குறிவைத்து வரும் மந்திரத்துக்குத்தான் தடுப்பு. செய்னர்ஸ் எடிக்ட் மாதிரி ‘உன் உயிரினம் ஒன்றை நீயே பலிகொடு’ என்று வந்தால் அது உதவாது. பக்கத்தில் ஒரு டெல்வர் நின்றால் அதைக் கொடுத்துத் தப்பலாம். சிவப்பு ஆட்டக்காரர்களின் சைட்போர்டில் பைரோபிளாஸ்ட் இருக்கும். ஒரு மானாவுக்கு நம் நீலக் கார்டு எதையும் தடுக்கும், அல்லது அழிக்கும். போக்ள்ஸ் என்ற டெக் எதிரே வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். குறிவைக்கவே முடியாத ஒரு சிற்றுயிரின் மேல் எத்தீரியல் ஆர்மர், ரான்கர் என்று வலுவூட்டும் கார்டுகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த ஆர்மர் இறங்கும் தருணத்தில் கவுண்டர்ஸ்பெல் கையில் இல்லையென்றால் அந்த ஆட்டம் போனது போனதுதான். ஆகவே சைட்போர்டை வெறும் எண்ணிக்கைக்காக நிரப்பாதீர்கள். சிவப்புக்கு எதிராக ஹைட்ரோபிளாஸ்டும் ப்ளூ எலிமெண்டல் பிளாஸ்டும், ஆர்ட்டிஃபாக்ட், என்சாண்ட்மெண்ட் என்ற கார்டு வகைகளை நம்பும் டெக்குகளுக்கு அனல் (Annul) என்ற கார்டு. என் பதினைந்தில் பெரும்பகுதி இவைதான்.

“அண்ணே, இது பேன் ஆயிட்டா காசெல்லாம் போச்சா?” என்று கடையில் ஓர் உயர்நிலைப் பள்ளித் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பாப்பரில் தடை வரத்தான் செய்யும். 2019 மே மாதம் டேஸ், கிட்டாக்ஸியன் புரோப், கஷ் மூன்றையும் ஒரே நாளில் தடை செய்தார்கள், மூன்றும் நீலக் கார்டு. 2022-இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்த பிறகு பட்டியலை இன்னும் கவனமாகப் பார்க்கிறார்கள். 2025 மார்ச்சில் குல்டோத்தா ரீபர்த் உட்பட மூன்று கார்டு போயின. ஆனால் தடை வந்தால் இங்கே நாம் இழப்பது நான்கு காமன் கார்டின் விலை. அவற்றுக்குப் பதில் வேறு நான்கு போட்டு ஆட்டத்தைத் தொடரலாம். புதுத் தொகுப்புகளை வைத்து ஆடும் ஸ்டாண்டர்டு வகையில் எந்தத் தடையும் வராவிட்டாலும், சில வருடங்களில் நம் கார்டுகளில் பெரும்பாலானவை காலாவதியாகிவிடும். 2025-இல் மட்டும் ஸ்டாண்டர்டுக்கு ஆறு புதுத் தொகுப்பு வந்தது. ஈடுகொடுத்து வாங்க என்னால் முடியாது. பாப்பரில் காலாவதி என்பதே இல்லை.

ஒரே பெரிய சிக்கல், ஆட ஆள் வேண்டும். பெரும்பாலான கடைகளில் கமாண்டர் என்ற இன்னொரு ஆட்ட வகைதான் ஓடுகிறது. பாப்பர் வாரத்தில் ஒரு நாள் இருந்தாலே அதிகம். இத்தாலியில் பாப்பர்கெடன் என்ற போட்டிக்கு நூற்றுக்கணக்கானவர்கள் திரள்கிறார்கள், அந்த நிலை இங்கே இல்லை. வாங்கும் முன்பே உங்கள் கடையில் எந்த நாள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அதற்குள் வீட்டில் ஒத்திகை பார்க்க நினைத்தால், கார்டின் பெயரையும் விதியையும் தாளில் எழுதி உறைக்குள் ஒரு ஐலண்டுக்கு முன்னால் செருகி ஆடுங்கள். முறையான போட்டியில் அது செல்லாது, நண்பர்களோடு ஆட யார் தடுக்கப்போகிறார்கள்? என் சித்தப்பா மகனுக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். நாலைந்து வாரம் தாளோடு ஆடிவிட்டு, தனக்கு நீலம் ஒத்துவராது என்று தெரிந்துகொண்டு சிவப்புக்குப் போய்விட்டான். செலவே இல்லாமல்.

உங்களுக்கும் யோசித்து யோசித்து ஆடுவது பிடிக்காது, முதல் முறையிலேயே அடிக்க வேண்டும் என்றால் இந்த டெக் வேண்டாம். லைட்னிங் போல்ட்டில் தொடங்கும் சிவப்பு டெக்கை எடுங்கள், அதுவும் இதே விலைக்குள் வரும். நீலம் பிடித்துவிட்டால், அடுத்து காசு சேரும்போது கறுப்பைச் சேர்க்கலாம். ஸ்னஃப் அவுட்டும் குர்மாக் ஆங்லரும் வந்துவிட்டால் போக்ள்ஸைத் தவிர மற்றெல்லா டெக்குக்கும் இன்னும் நல்ல பதில் கிடைக்கும். இரண்டு நிறம் தரும் லேண்டுகளையும் வாங்க வேண்டும், அவையும் காமன்தான். நான் இப்போது அந்த வெள்ளைப் பெட்டிகளில் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.