பொலேரோ பிக்கப் மைலேஜ்: மாட்டியதைவிடக் கழற்றியதில் கிடைத்தது அதிகம்

மைலேஜ் ஏற எதையாவது வாங்கி மாட்டணும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நீண்ட நாள் ஓட்டத்தில் பலன் தருவது பெரும்பாலும் ஏற்கெனவே மாட்டியிருப்பதைக் கழற்றுவதுதான்.

முதலில் மைலேஜை அளப்பது: டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஒரே பங்க், ஒரே பம்ப். கன் முதல் தடவை கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். 10 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் கூடக்குறைய நிரம்பினாலே 10 சதவீதம் தப்பாகும். 40 லிட்டருக்கு அது இரண்டரைதான். டயரும் ஏமாற்றும். 215/75 ஆர்15 புது டயரின் விட்டம் ஏறக்குறைய 703 மி.மீ. பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) 6 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 12 போய்விடும், ஓடோமீட்டர் 1.7 சதவீதம் கூடக் காட்டும். புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பலில் ஒரு பங்கு இதுதான்.

அடுத்து காற்று. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிகளைப் பாருங்கள். கேபினுக்கு மேல் ஓர் அடி உயரத்தில் கம்பி ஃபிரேம், அதில் உப்பிப் படபடக்கும் தார்ப்பாய். லோடு இல்லாதபோது கம்பியைக் கழற்றிப் பாடிக்குள் படுக்கப் போட்டு, தார்ப்பாயை மடித்துவிட்டாலே போதும். பின்கதவைத் திறந்துபோட்டால் காற்று சுலபமாகப் போகும் என்பது தவறு. மூடியிருந்தால் பாடிக்குள் காற்று சுழன்று தங்கும். கேபின் மேல் வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். 80-க்குப் பதில் 65-ல் போனால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும். இது காசில்லாமல் கிடைப்பது.

ரொம்பப் பேர் பார்க்காத இடம் சக்கரம். அழுத்தி பிரேக் பிடிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம், சுடும்). பின்னால் ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் லைனரை இறுக்கி வைத்திருக்கிறார்கள், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பவில்லை. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும்: லேசான உரசல் சத்தம் பரவாயில்லை, சுற்றவே பலம் வேண்டியிருந்தால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. முன்டயர் பட்டனைக் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறுதிசையில் ரம்பப் பல் மாதிரி இருந்தால் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தப்பு; அலைன்மென்ட் பார்க்கணும். காற்றழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவு, லோடுக்கும் காலிக்கும் தனித்தனி. அதற்குமேல் ஏற்றினால் நடுப்பட்டன்தான் தேயும்.

ஹீட் ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றிவிடும் வழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. அப்புறம் ஹைவேயில் 15 கிலோமீட்டர் போனாலும் ஹீட் மீட்டர் முள் நடுவுக்கு வராது. எஞ்சின் குளிராகவே இருப்பதால் ஆயில் கெட்டியாக நிற்கும், டீசலும் அதிகமாகப் போகும். புது வால்வை ரிங்கோடு போட்டு, கூலண்ட் ஊற்றி, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுத்துவிட வேண்டும். ஹீட்டுக்கான காரணம் ரேடியேட்டரிலோ ஃபேனிலோ இருக்கும். அதைத் தனியே தேடணும்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம் வீண்செலவு. மண்ணெண்ணெய் கலப்பது அதைவிட மோசம்: காமன் ரெயில் பம்புக்கு (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் அனுப்பும் பம்ப்) உயவு கொடுப்பதே டீசல்தான், அது நீர்த்தால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும். இறக்கத்தில் நியூட்ரலும் வேண்டாம். கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரியும். மலைப்பாதையில் பிரேக்கும் சூடாகிக் கைவிடும்.