பழைய மாஸி 135 வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு: சோதிக்காமல் டைனமோவைக் கழற்ற விடாதீர்கள்

நிபோங் திபால் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில், சார்ஜ் ஏறாத மாஸி பெர்குசன் 135 டிராக்டருக்கு 850 வெள்ளி பில் போட்டார்கள். 'ரீகண்டிஷன்' டைனமோ, புது பேட்டரி. வண்டியிலிருந்த லூகாஸ் சி40 டைனமோவை 'டிரேட் இன்' என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

கோளாறு டைனமோவில் இல்லவே இல்லை. கட்டவுட் பெட்டியின் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் பெட்டி) எர்த் வயர் பச்சை பூத்து உள்ளே அறுந்திருந்தது. கடல் காற்றும் ஈரமும் உள்ள நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். எர்த் போனால் கட்டவுட் காயிலுக்குக் கரண்ட் போகாது. பாயிண்ட் சேராது, பேட்டரிக்கு ஒன்றும் வந்து சேராது. அதே பெட்டியில் இருக்கும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் வேலை செய்யாததால் டைனமோ வோல்ட் கட்டுமீறி ஏறும். அதனால்தான் மெதுவாக ஓடும்போது மங்கும் சார்ஜ் விளக்கு, எண்ணெய் கொடுத்து வேகம் கூட்டினால் மறுபடி பளிச்சென்று எரிகிறது. இந்த அறிகுறியைச் சொல்லியும் ஒர்க்‌ஷாப்பில் காதில் வாங்கவில்லை. எர்த் முனையிலிருந்து பாடிக்கு ஒரு துண்டு வயர் பிடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

டைனமோவைச் சோதிக்க அதைக் கழற்றவே தேவையில்லை. ஃபேன் பெல்ட் வழுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, டைனமோவின் டி (சார்ஜ் வெளிவரும் முனை), எஃப் (ஃபீல்ட் முனை) வயர்கள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அந்த இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே வோல்ட்மீட்டர் வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். முள் தடுமாறாமல் சட்டென்று ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். 7 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அரை முதல் 1 வோல்ட் வரை நின்றால் ஃபீல்ட் காயில் (உள்ளே காந்தம் உண்டாக்கும் சுருள்) மேல் சந்தேகம். 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) மேல்.

இனி அந்த 'ரீகண்டிஷன்' டைனமோ. மேலே வெள்ளிப் பெயிண்ட், உள்ளே புது பிரஷ், அவ்வளவுதான். பின்பக்கப் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) பழசு. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினாலே ஆட்டம் தெரிந்தது. அப்படியே ஓடவிட்டால் ஆர்மேச்சர் ஃபீல்ட் இரும்பில் உரசி வீணாகும். புதுப் புஷ் போட்டாலும் 24 மணி நேரம் எண்ணெயில் ஊறவைத்த பிறகே ஏற்ற வேண்டும்.

மாட்டிய பிறகு பொலாரிட்டியும் கொடுக்கவில்லை, அதாவது டைனமோவின் பாசிட்டிவ், நெகட்டிவ் திசையை வண்டிக்கு ஏற்றபடி அமைக்கவில்லை. எஃப் வயரை எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் எஃப் முனையை இரண்டு மூன்று தடவை தொட்டு எடுப்பதுதான் வேலை. வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள். பொலாரிட்டி தலைகீழானால் கட்டவுட் பாயிண்ட் கருகிவிடும்.

பழைய சி40-ஐத் திருப்பிக் கேட்டதற்கு, இரும்புக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். வண்டியைக் கொடுக்கும் முன்பே, கழற்றிய சாமான் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். டைனமோவின் பாடியில் பொறித்த எண்ணையும் படம் எடுத்து வையுங்கள்.