பழைய கார் நின்றுபோவதன் காரணத்தைக் காட்டிய ஓ.பி.டி. ஸ்கேனர்

இருபது ஆண்டுகளைக் கடந்த என் பெட்ரோல் கார், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றுபோகும். ஒரு பணிமனையில் பெட்ரோல் பம்பையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார்கள்; குறை அப்படியே இருந்தது. மேலும் ஊகத்தின்பேரில் உதிரிபாகங்களை மாற்ற மனமில்லாமல், என்ஜின் ஓடும்போதே அதன் அளவுகளைக் கைப்பேசியில் காட்டும் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். காரின் கணினி தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓ.பி.டி.-2 என்ற முறையின் இணைப்பு முனையில் இதைச் செருக வேண்டும்.

முதல் நாள் ஏமாற்றமே. பிழைக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. கருவி பயனற்றது என்று பலர் இந்த இடத்திலேயே முடிவு செய்துவிடக்கூடும். ஆனால் காரின் கணினிக்கு வகுக்கப்பட்ட எல்லையைக் கோளாறு தாண்டினால்தான் குறியீடு பதிவாகும், அதுவரை அது நேரடி அளவுகளில் மட்டுமே தெரியும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் ஐடிலிங்கில், நிமிடத்துக்கு 750 சுற்று (ஆர்.பி.எம்.) அளவில் நிற்க வேண்டிய வேகம் 550க்கும் 800க்கும் இடையே அலைந்தது. கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைச் சொல்லும் ஃபியூயல் ட்ரிம், குறுகிய காலக் கணக்கில் 9 சதவீதமும் நீண்ட காலக் கணக்கில் 12 சதவீதமும் கூடுதலாக இருந்தது. என்ஜினை 2500 ஆர்.பி.எம். அளவில் பிடித்தபோது இரண்டும் சேர்ந்தே 4 சதவீதத்துக்கு இறங்கின.

பெட்ரோல் வரத்தில் குறை இருந்திருந்தால், வேகம் கூடக் கூடப் பற்றாக்குறையும் பொதுவாகக் கூடியிருக்கும். என் காரில் உள்ளே வரும் காற்றை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கிறது. அதைத் தாண்டி ஓர் ஓட்டை வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது, அதை ஈடுகட்டவே கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருக்கும் ஐடிலிங்கில் அந்தக் காற்றின் பங்கு பெரிதாகவும் வேகம் கூடும்போது சிறிதாகவும் இருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கையில் கணினியே ஐடிலிங்கை உயர்த்திக் கூடுதல் பெட்ரோலும் தருவதால் குறை மறைந்திருந்தது. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தபோது, என்ஜினுக்குள் சேரும் வாயுக்களை மீண்டும் காற்று வழிக்குக் கொண்டுசெல்லும் பி.சி.வி. ஹோஸின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு வாய்திறந்தது. என்ஜினை ஓடவிட்டு அந்த வெடிப்பை விரலால் அழுத்தி மூடியதும் (கையும் சட்டையும் மின்விசிறியை நெருங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்) திரையிலிருந்த ஃபியூயல் ட்ரிம் எண் இறங்கியது. அந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். ஹோஸை மாற்றி, த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியையும் துடைத்தேன். இந்த ஆறு மாதங்களில் கார் ஒருமுறைகூட நிற்கவில்லை.

கருவிக்குக் குறைகளும் உண்டு. பல அளவுகளைச் சேர்த்துக் கேட்டால் எண்கள் மெதுவாகவே மாறுகின்றன. ஆகவே என்ஜின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னல் கண நேரம் அறுந்து என்ஜின் நிற்கும் வகைக் கோளாறை இதில் பிடிப்பது கடினம். பெட்ரோல் அழுத்தத்தை என் காரில் இது காட்டுவதில்லை. அதற்குத் தனி கேஜ் வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது உதவாது. ஓ.பி.டி.-2 அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல்தான் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது என்பதால், பழைய கார் வைத்திருப்பவர்கள் இணைப்பு முனை பொருந்துமா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். என்ஜினை அணைத்த பிறகும் ஸ்கேனர் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருப்பதால், வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.