தாழ்ந்த பக்கத்தில் குற்றமில்லை

எனக்குத் தையல் தொழில். சட்டை விளிம்பு அரை சென்டிமீட்டர் ஏறி நின்றாலே கண்ணை உறுத்தும். முன்பக்க சஸ்பென்ஷன் மாற்றிக்கொண்டு வந்த கார் இடது பக்கம் சாய்ந்து நின்றால் சும்மா இருக்க முடியுமா? தையல் டேப்பையே எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை வலது பக்கம் 38 சென்டிமீட்டர், இடது பக்கம் 35.8. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் சேர்ந்து குழப்பிவிடும். அதனால்தான் மையத்திலிருந்து. இந்தச் சாய்வைக் கண்டுபிடித்துச் சரி செய்த பட்டறையைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

மாற்றியவை: இரண்டு ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்), அவற்றைச் சுற்றி உட்காரும் இரண்டு காயில் ஸ்பிரிங், புஷ் (போல்ட் நுழையும் இடத்து ரப்பர்) கிழிந்திருந்த வலது லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை). வேலை பார்த்த முதல் ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னேன். “புது ஸ்பிரிங் மேடம், ஓட ஓட செட்டில் ஆயிடும்” என்றார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினேன். புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்துதானே இறங்கும்! இரண்டு அளவுமே சற்றுக் குறைந்தன, வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்தது. மறுபடி போனபோது வீல் அலைன்மென்ட் செய்து, எல்லா அளவும் சரி என்று பச்சையாக இருந்த தாளைக் காட்டி அனுப்பினார்கள். அந்த மெஷின் பார்ப்பது சக்கரத்தின் கோணத்தை. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது அந்தத் தாளில் இல்லவே இல்லை.

அப்புறம்தான் இந்த இரண்டாவது பட்டறை. ஒரே ஒரு கார் நிற்கும் இடம், ஒரு மெக்கானிக், ஒரு உதவிப் பையன். உட்கார நாற்காலிகூடக் கிடையாது. ஆனால் அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. டிக்கியில் இருந்த துணி மூட்டைகளை இறக்கச் சொன்னார். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். சமதளத்தில் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, நான்கு மூலையையும் அளந்தார். அடுத்து, பின்பக்கத்தின் நடுவில் பலமான இடமாகப் பார்த்து ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கினார். பின்னால் சாய்வு இருந்து அது முன்னால் தெரிந்திருந்தால், இப்போது முன்பக்கம் நேராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. “கோளாறு முன்னாடிதான்” என்றார்.

நான் தாழ்ந்திருந்த இடது பக்கத்தைக் காட்டினேன். அவர் வலது பக்கம் போய்ப் படுத்தார். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, புது லோயர் ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தினார். ‘டொக்’கென்று ஒரு சத்தம். பானெட்டை இரண்டு முறை அமுக்கிவிட்டு அளந்தால் வலது பக்கம் 7 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் சக்கரம் தொங்கிய நிலையிலேயே அந்த போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டார்கள். போல்ட் இறுகியதும் புஷ்ஷின் நடுக்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலே தள்ளியபடி நிற்கும். சீக்கிரமே கிழிந்தும் போகும். தொங்கும்போது கையால் முடுக்கி வைத்து, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) முறுக்குவதுதான் சரியாம்.

மீதி வித்தியாசத்துக்கு வலது ஸ்ட்ரட்டையே கழற்ற வேண்டியிருந்தது. ஸ்பிரிங்கின் அடிமுனை போய் முட்டி உட்காருவதற்குக் கீழ்த்தட்டில் ஒரு படி உண்டு. முனை அதற்குள் உட்காராமல் படியின் மேல் ஏறி நின்றிருந்தது! ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் போட்டு இறுக்கித் திருப்பி உட்கார வைத்தார். (வீட்டில் யாரும் முயலவேண்டாம். இறுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும்.)

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு தோள் ஏறியிருந்தால் மறுபக்க விளிம்பு தாழ்ந்ததாகத் தெரியும் என்று தினமும் பார்க்கிறேன். காரில் மட்டும் அது தோன்றவில்லை.

இப்போது வித்தியாசம் 3 மில்லிமீட்டர். அதையும் சரி செய்யச் சொன்னேன். ஸ்பேசர் (உயரத்தைச் சரிகட்டும் சிறு வளையம்) வைக்கலாம், ஆனால் தேவையில்லை என்று மறுத்துவிட்டார். காசுக்காகச் சரி என்று தலையாட்டாததே பிடித்திருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு நாள் என்றது இரண்டு நாள் ஆனது, போன் எடுக்கவே மாட்டார், பில் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அலைன்மென்ட் மெஷினும் அங்கே இல்லை. உயரம் மாறியதால் பழைய அலைன்மென்ட் செல்லாது என்று சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பினார். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது போனுக்காக.