கோத்தகிரிக் குளிரில் ஆறு வருஷம்: எங்கள் மேசை பி.எச். மீட்டர்

மண்ணின் புளிப்பை, அதாவது பி.எச்.சை, அளக்க 2019ல் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த மீட்டர் இது. எண் 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். அம்பாலாவில் செய்தது, சாதாரண மேசை மாடல். முன்னால் மூன்று திருகு: டெம்ப் (வெப்பநிலை), காலிப் (காலிபரேஷன், எண்ணைச் சரிபார்த்து வைப்பது), ஸ்லோப் (ஒரு பி.எச்.சுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்ற கணக்கு). பெட்டியோடு கரைசலில் இறக்கும் கண்ணாடிக் குழாயான ஒரு காம்பினேஷன் எலெக்ட்ரோடு, ஒரு ஸ்டாண்டு, நீரில் கரைத்தால் தெரிந்த பி.எச். தரும் பஃபர் மாத்திரை கொஞ்சம். வருவது பெரும்பாலும் தேயிலை மண், அப்புறம் கேரட், உருளைக்கிழங்கு போட்ட மண். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி வாலைநீர், அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, எலெக்ட்ரோடை இறக்கிப் பார்ப்போம். எண்ணைப் பார்த்துத்தான் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் போடச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு. தேயிலைக்கு 4.5லிருந்து 5.5 வரை இருந்தால் நிம்மதி. அதற்குக் கீழே போனால் பேச்சு வரும்.

முதல் இரண்டு வருஷம் காலிபரேஷன் என்றால் எனக்கு ஒரு காலைச் சடங்கு. எட்டரைக்கு வந்து, 7 பஃபரில் காலிப் திருகைத் திருப்பி 7.00 வைப்பேன், கழுவி, 4 பஃபரில் ஸ்லோப் திருகால் 4.00 வைப்பேன். டெம்ப் திருகு வந்த நாளிலிருந்து 25லேயே நின்றது. கோத்தகிரியில் ஜனவரிக் காலையில் கூடத்துக்குள்ளேயே 10 டிகிரி. ஸ்வெட்டரைக் கழற்றாமல் வேலை செய்கிற எனக்கு அந்த 25 உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

உறைக்க வைத்தவர் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெரியவர். ஒரே மண்ணை இரண்டு கவரில் போட்டு, ஒன்றில் தன் பேரும் இன்னொன்றில் தம்பி பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடையது காலையில் பார்த்தது, 4.51. தம்பியுடையது மதியம், 4.42. தம்பிக்கு மட்டும் டோலமைட் எழுதிக் கொடுத்தேன். சீட்டு இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஏம்மா, என் மண்ணும் தம்பி மண்ணும் ஒரே குழியில எடுத்ததுதாம்மா" என்று சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். கண்ணாடி எலெக்ட்ரோடு ஒரு பி.எச். வித்தியாசத்துக்கு 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட் தரும். 20 டிகிரியில் 58.17, 10 டிகிரியில் 56.18தான். போதாததற்கு 7 பஃபரே குளிரில் 7 இல்லை. பஃபர் அட்டவணையில் 10 டிகிரிக்கு 7.06 என்றிருக்கும். 4 பஃபர் மட்டும் அசையாது, 10க்கும் 20க்கும் 4.00தான். ஆக 7.06ஐ 7.00 என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மதியம் அறை 20 டிகிரிக்கு வந்ததும் அதே அமைப்பில் மண்ணைப் பார்த்திருக்கிறேன். 4.5 பக்கம் வரும் மண்ணில் கிட்டத்தட்ட 0.1 குறையும். காலையில் காலிபரேஷனும் மண்ணும் ஒரே குளிரில் இருந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை.

இப்போது பழக்கம் வேறு. பஃபர் பாட்டில்களும் மண் பீக்கர்களும் ராத்திரியே ஒரே தட்டில் உட்காரும். பஃபரில் தெர்மாமீட்டர் போட்டு, அந்த எண்ணுக்கு டெம்ப் திருகு. காலிப் திருகால் வைப்பது அட்டவணையில் அந்த டிகிரிக்கு உள்ள எண். மதியம் ஒரு மணிக்கு மறுபடி முதலிலிருந்து. தானாக வெப்பம் பார்க்கும் ப்ரோப் உள்ள மீட்டர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது ஸ்லோப்பை மட்டும் சரிசெய்யும். குளிர்ந்த மண் கரைசலின் பி.எச்.சை 25 டிகிரிக்கு மாற்றித் தராது. 7க்கு மேலே போகும் மண்ணுக்கான 9.2 பஃபர் மாத்திரையை நான் தொடுவதே இல்லை. எங்கள் மண் 7ஐத் தாண்டினால் அல்லவா! ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஹைட்ராஞ்சியாப் பூவின் நீலமே இங்கே மண் எவ்வளவு புளிப்பு என்று சொல்லிவிடும்.

எலெக்ட்ரோடு விஷயத்தில் மலை இன்னொரு பாடம் கற்றுக்கொடுத்தது. எலெக்ட்ரோடுக்குள் ஊற்ற பெட்டியில் வந்த நிரப்புக் கரைசல், இனி உப்பு கரையாத அளவுக்குத் தெவிட்டிய பொட்டாசியம் குளோரைடு. முதல் டிசம்பரில் உள்ளே வெள்ளைப் படிகம், கல்கண்டு உடைத்துப் போட்டது மாதிரி, அடியில் கட்டி நின்றது. குளிரில் உப்பு அவ்வளவு கரையாது. மிச்சம் படிந்து, கரைசல் வெளியே கசியும் சிறு துளையான ஜங்ஷனை அடைத்துவிட்டது. "அக்கா, நம்பர் நிக்கவே மாட்டேங்குது" என்று உதவிக்கு இருக்கும் பெண் கூப்பிட்டாள். வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, கரைந்ததை உறிஞ்சி எடுத்து, உப்பு கொஞ்சம் குறைந்த 3 மோலார் கரைசல் ஊற்றினோம். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. பார்க்கும்போது நிரப்புத் துளையின் ரப்பரைக் கழற்றி வைக்க வேண்டும், இது எல்லோரும் மறப்பது. குளிரில் கண்ணாடியின் மின்தடை ஏறுவதால் எண் நிற்கவும் இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும், அவசரப்பட்டால் போச்சு.

அக்டோபர், நவம்பர் மூடுபனியில் வேறு கோளாறு. எந்தப் பஃபரில் வைத்தாலும் 7 பக்கமே சுற்றியது. எலெக்ட்ரோடு செத்துவிட்டது என்று புதிதுக்கு ஆர்டர் போட்டுவிட்டோம், இரண்டாயிரத்துச் சொச்சம். அப்புறம் பார்த்தால் பின்னால் சொருகும் கனெக்டரில் ஈரம். முடி உலர்த்தும் டிரையரைத் தூரத்தில் பிடித்து ஐந்து நிமிஷம் காட்டியதும் உயிர் வந்தது. இப்போது அந்த முனைமேல் சிலிக்கா ஜெல் போட்ட துணிப்பை கட்டியிருக்கிறோம். அனாவசியமாக வாங்கிய புது எலெக்ட்ரோடு அலமாரியில் தூங்குகிறது.

4 பஃபரில் பூஞ்சை பிடிக்கும், பஞ்சு இழை மாதிரி மிதந்தால் கொட்டிவிடுங்கள். எலெக்ட்ரோடு நுனியின் கண்ணாடிக் குமிழைத் துடைக்காதீர்கள், டிஷ்யூவை ஒட்டி எடுங்கள். எலெக்ட்ரோடை ராத்திரி வாலைநீரில் வைக்காதீர்கள், பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள்.

மீட்டரைப் பற்றி எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். டெம்ப் திருகைச் சுற்றியுள்ள எண்கள் ஆறு வருஷத்தில் அழிந்துவிட்டன. 10க்கும் 20க்கும் நகப்பூச்சில் புள்ளி வைத்திருக்கிறேன், 25க்கு வைக்கவில்லை. அந்தப் பெரியவர் போன மாதமும் வந்தார், இரண்டு கவரோடு.