பாலத்து வேலை அருமை, மாற்றுப்பாதைதான் சரியில்லை

கிராமத்துப் பழைய கல் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியிருக்கிறார்கள், அதற்காகச் செய்திருக்கும் போக்குவரத்து ஏற்பாட்டுக்கு நான் கொடுப்பது 5க்கு 3 நட்சத்திரம். அந்த மூன்றுமே பாலத்தின் மேல் நடக்கும் வேலைக்காக.

முழுதாக மூடியது சரிதான். ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கம் வண்டி விடலாமே என்று பலர் கேட்கிறார்கள், ஆனால் வண்டியும் குதிரையும் போன காலத்து அகலம் அது, அதில் பாதியை அடைத்தால் மீதியில் எது போகும்? கல் வளைவு நிற்பதே கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதால்தான், இணைப்புகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாக நிரப்பும்போது மேலே லாரி அதிர்ந்துகொண்டே இருந்தால் செய்த வேலை நிலைக்காது.

ஏன் இத்தனை நாள் என்று கோபப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சாந்து போடுகிறார்கள், அதனால்தான் தாமதம். சிமென்ட் சீக்கிரம் இறுகும், ஆனால் பழைய கல்லைவிடக் கெட்டியாக இறுகிவிடும், உள்ளே இறங்கிய ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே வெளியே வரும், சில வருஷங்களில் சாந்து அப்படியே இருக்க கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்பு அப்படியில்லை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும், அதுவரை ஈரச் சாக்கு போர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் அவசரப்படுத்தாமல் இருப்பதே பெரிய விஷயம்.

சரி, சாலைக்கு வருவோம். பாலம் மூடிய அறிவிப்பைப் பாலத்து முனையிலேயே வைத்திருக்கிறார்கள். அங்கே வந்து படித்து என்ன பயன்? திரும்ப இடமே இல்லை, பெரிய வண்டிகள் வீடுகளுக்கு நடுவே பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. வேறு வழி பிடிக்கக்கூடிய கடைசிச் சந்திப்பில் அல்லவா அந்தப் பலகை நிற்க வேண்டும்!

அறிவித்த மாற்றுப்பாதை நெடுஞ்சாலை வழியாகச் சுற்றுகிறது. போன் காட்டும் குறுக்குவழியை நம்பி லாரிகளும் வயல் ஓரத்துச் சின்ன ரோட்டில் இறங்குகின்றன, அதைத் தடுக்க உயரத் தடுப்பும் இல்லை, எடைக் கட்டுப்பாட்டுப் பலகையும் இல்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் ஆஷோ என்ற மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் நடத்திய சாலைச் சோதனையில் தெரிந்த கணக்குப்படி, அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு. பாலம் திறக்கும்போது அந்த ரோட்டைப் புதிதாகப் போட வேண்டிவரும், அந்தச் செலவை யாராவது யோசித்தார்களா?

நெரிசல் மட்டும் முதலில் இருந்த அளவு இப்போது இல்லை. 1998ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது, சாலையை மூடினால் வண்டிகள் எல்லாமே பக்கத்துச் சாலைக்கு வந்துவிடுவதில்லை, ஒரு பங்கு காணாமலே போகிறது. இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் நடப்பவர்கள் என்ன செய்வார்கள்? கார் வைத்திருப்பவருக்கு இது கூடுதல் பெட்ரோல், அவ்வளவுதான். அக்கரையில் பள்ளிக்கூடம் இருக்கிற பிள்ளைக்கும், மருந்து வாங்கப் போகிற வயதானவருக்கும் சில நிமிட நடை பஸ் பயணமாகிவிட்டது, அந்த பஸ்ஸும் சுற்றித்தான் வருகிறது. பக்கத்தில் தற்காலிக நடைபாலமோ, வேலை இல்லாத நேரத்தில் சாரத்தை ஒட்டி வேலி போட்ட நடைவழியோ முதல் நாளே இருந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, அது தொடங்குவதற்குள் நடக்க வழி விட்டு, பலகைகளையும் இடம் மாற்றினால் நட்சத்திரத்தைக் கூட்டிவிடுகிறேன்.